மரவீட்டில் பிறந்த 45-ஆம் பிரிவு

1864 செப்டம்பர் 26. அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பிரெஸ்காட் ஊருக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. மரங்களை வெட்டி அடுக்கிக் கட்டிய இரண்டு அறை வீடு ஒன்றில் அரிசோனா பிரதேசத்தின் முதல் சட்டமன்றம் கூடியது. மேலவைக்கு 9 பேர், கீழவைக்கு 18 பேர். 27 பேரும் ஆண்கள். லிங்கன் கையெழுத்துப் போட்டு அந்தப் பிரதேசத்தை உண்டாக்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. கிழக்கே உள்நாட்டுப் போர் இன்னும் ஓயவில்லை. தங்கம் தேடி வந்தவர்களும் சிப்பாய்களும் கடைக்காரர்களும் வந்து சேர்ந்த அந்த மண்ணுக்கு எல்லாவற்றுக்கும் உடனடியாகச் சட்டம் தேவைப்பட்டது. திருட்டுக்கு என்ன தண்டனை, சுரங்க உரிமையை எப்படிப் பதிவது, கடன் பாக்கியை எப்படி வசூலிப்பது எல்லாம் எழுதப்பட வேண்டியிருந்தது.

எழுதித் தந்தவர் மிச்சிகனிலிருந்து வந்த நீதிபதி வில்லியம் டி. ஹோவெல். கலிபோர்னியா, நியூயார்க் சட்டங்களை முன்னால் வைத்துக்கொண்டு, வேண்டியதை எடுத்து, சிலவற்றை மாற்றி, பல நூறு பக்கங்களுக்கு ஒரு தொகுப்பைத் தயாரித்தார். அவர் பெயராலேயே அது ‘ஹோவெல் தொகுப்பு’ ஆயிற்று. சட்டமன்றம் சில திருத்தங்களோடு அதை ஏற்றுக்கொண்டு நவம்பர் 10-ஆம் தேதி கலைந்தது. ஆறே வாரத்தில் ஒரு பிரதேசத்துக்கான சட்டம் முழுவதும் தயார். ஹோவெல் சீக்கிரமே அரிசோனாவை விட்டுப் போனார், திரும்பி வரவில்லை.

அந்தத் தொகுப்பின் பத்தாம் அத்தியாயம் குற்றங்களைப் பற்றியது. அதில் 45-ஆம் பிரிவு கருக்கலைப்பைப் பற்றித் தொடங்கவே இல்லை. விஷத்தைப் பற்றித் தொடங்குகிறது. கொல்லும் எண்ணத்தோடு ஒருவருக்கு விஷம் கொடுத்தால் என்ன தண்டனை என்று முதலில் சொல்கிறது. அதே மூச்சில், கர்ப்பிணியின் கருவைக் கலைக்கும் எண்ணத்தோடு மருந்து கொடுத்தாலோ கருவி பயன்படுத்தினாலோ இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் சிறை என்கிறது. ஒரு விலக்கு மட்டும் உண்டு: தாயின் உயிரைக் காப்பாற்ற வேண்டி மருத்துவர் செய்தால் குற்றமில்லை. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு விலக்கு இல்லை. உயிருக்கு ஆபத்தில்லாமல் உடல்நலம் மட்டும் கெடும் நிலைக்கும் விலக்கு இல்லை. எத்தனை மாதக் கர்ப்பம் என்ற கணக்கும் இல்லை.

அந்தப் பிரிவு விஷத்தோடு சேர்ந்து பிறந்ததற்குக் காரணம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கருக்கலைப்புச் சட்டங்கள் முதலில் விஷத் தடுப்புச் சட்டங்களாகவே வந்தன. கனெக்டிகட் மாநிலம் 1821-இல் இயற்றிய முதல் சட்டமும் அப்படித்தான். ‘மாதவிலக்கை வரவழைக்கும் மருந்து’ என்று விற்கப்பட்டவை பெண்களைக் கொன்றுகொண்டிருந்தன. 1857-இலிருந்து பாஸ்டன் மருத்துவர் ஹோரேஷியோ ஸ்டோரர் முன்னின்று, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் துணையோடு, கருக்கலைப்பை எல்லா மாநிலங்களிலும் குற்றமாக்க இயக்கம் நடத்தினார். அறுவைச் சிகிச்சையில் கிருமியைக் கொல்லும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867-இல். ஆக, 1864-இல் எந்தக் கருவியும் பெண்ணின் உடலுக்குள் போவது உயிருக்கு ஆபத்துதான். அந்தக் காலத்து மனிதர்களை இன்றைய அளவுகோலால் அளந்து ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தத் தொகுப்பில் வேறு என்னென்ன இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே தொகுப்பு, வெள்ளையர் தொடர்பான வழக்கில் கறுப்பர், செவ்விந்தியர், ஆசியர் சாட்சியம் சொல்லக் கூடாது என்றது. பெண் குழந்தை பாலுறவுக்குச் சம்மதம் சொல்லக்கூடிய வயது பத்து என்றது. இவையெல்லாம் காலப்போக்கில் போய்விட்டன. 45-ஆம் பிரிவின் பின்பாதி மட்டும் போகவில்லை.

அந்த முதல் கூட்டத்தில் நடந்த இன்னொரு வேலை நம் பொருளுக்கு நெருக்கமானது. இரண்டு பேருக்குச் சட்டமன்றமே தனித்தனிச் சட்டம் இயற்றி விவாகரத்து கொடுத்தது. அவர்களில் ஒருவர் எலியட் கவ்ஸ்; ராணுவ மருத்துவர், பின்னாளில் பேர்பெற்ற பறவையியலாளர். ஒரு குடும்பம் பிரிய வேண்டுமா என்பதை இன்று நீதிபதி முடிவு செய்கிறார். அன்று 27 பேர் கைதூக்கி முடிவு செய்தார்கள். எது சட்டமன்றத்தின் வேலை, எது நீதிமன்றத்தின் வேலை என்ற எல்லைக்கோடு வானத்திலிருந்து விழுந்ததல்ல. கருக்கலைப்பு மாநிலச் சட்டமன்றத்துக்கே ‘இயல்பாக’ உரியது என்று ஒருவர் அடித்துப் பேசும்போதும், நீதிமன்றத்துக்கே உரியது என்று இன்னொருவர் பேசும்போதும், எனக்கு அந்த மரவீட்டு விவாகரத்துகள் நினைவுக்கு வருகின்றன.

அடுத்த சில பத்தாண்டுகளைச் சீக்கிரமாகக் கடந்துவிடலாம். தண்டனைச் சட்டம் திருத்தித் தொகுக்கப்பட்டபோது கருக்கலைப்பு விஷத்திலிருந்து பிரிந்து தனிப் பிரிவாயிற்று. கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் சிறை என்று ஒரு பிரிவு பக்கத்தில் சேர்ந்தது. அதை விளம்பரம் செய்வதும் குற்றம் என்று இன்னொன்று வந்தது. ஒவ்வொரு தொகுப்பிலும் எண் மாறியது. 1956-இல் அதன் எண் 13-211.

இடையில், 1912-ஐ மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். அரிசோனா மாநிலமாக விரும்பியபோது, அதன் அரசியல் சாசனத்தில் இரண்டு கருவிகள் இருந்தன. மக்களே கையெழுத்துத் திரட்டிச் சட்டத்தையோ சாசனத் திருத்தத்தையோ நேரடி வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம் என்பது ஒன்று. பிடிக்காத நீதிபதியை மக்கள் ஓட்டுப்போட்டுத் திரும்ப அழைக்கலாம் என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பார்த்து ஜனாதிபதி டாஃப்ட் வெகுண்டார்; அவரே முன்னாள் நீதிபதி. 1911-இல் மாநிலத் தகுதியை மறுத்தார். அரிசோனா அந்த வரியை எடுத்துவிட்டு, 1912 பிப்ரவரி 14-இல் மாநிலமாகி, அதே ஆண்டு நவம்பரில் அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அதே நவம்பர் 5-ஆம் தேதி வாக்கெடுப்பில்தான் அரிசோனாப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. சட்டமன்றம் பலமுறை தட்டிக்கழித்த கோரிக்கையைப் பெண்கள் வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, ஆண் வாக்காளர்களிடம் நேரே கொண்டுபோய் ஜெயித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு. 45-ஆம் பிரிவு பிறந்து அப்போது 48 ஆண்டுகள். அதற்கு ஓட்டுப் போட்டவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு பெண்ணுக்கும் இருந்ததில்லை.

1962-இல் அந்தப் பிரிவு உலகச் செய்தியானது. ஃபீனிக்ஸ் நகரில் ‘ராம்ப்பர் ரூம்’ என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சியை நடத்தியவர் ஷெர்ரி ஃபிங்க்பைன். நான்கு குழந்தைகளின் தாய், ஐந்தாவது வயிற்றில். கணவர் இங்கிலாந்தில் வாங்கி வந்திருந்த தூக்க மாத்திரைகளை விழுங்கிவந்தார். அதில் இருந்தது தாலிடோமைடு. ஐரோப்பாவில் கைகால் இல்லாமல் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறக்கக் காரணமான மருந்து அதுதான் என்று தெரிந்ததும் மருத்துவரிடம் ஓடினார். கருவைக் கலைத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். உள்ளூர் மருத்துவமனை ஒப்புக்கொண்டது, நாளும் குறிக்கப்பட்டது. அக்காலத்தில் இப்படித்தான் நடக்கும்: மருத்துவர்கள் ‘தாயின் உயிருக்காக’ என்று எழுதிவிட்டு அமைதியாகச் செய்வார்கள்.

ஷெர்ரி வேறொன்று செய்தார். இந்த மாத்திரை வேறு தாய்மார்கள் வீட்டிலும் இருக்குமே என்ற கவலையில் தெரிந்த பத்திரிகையாளரிடம் பேசினார். பெயர் போடாமல் செய்தி வந்தது. மறுநாளே மருத்துவமனை பின்வாங்கியது. சட்டத்தில் தாயின் உயிர் என்றுதானே இருக்கிறது, குழந்தையின் ஊனம் என்று இல்லையே என்ற பயம். மருத்துவமனை நீதிமன்றத்துக்குப் போய் வழி கேட்டது. நீதிபதி யேல் மெக்ஃபேட், தீர்த்துவைக்க இங்கே சட்டப்படியான தகராறு எதுவும் இல்லை என்று மனுவைத் தள்ளினார். சட்டமன்றம் எழுதிவைத்துவிட்டு ஒதுங்கியிருந்தது, நீதிமன்றம் கேள்வியை ஏற்க மறுத்தது. நடுவில் ஒரு கர்ப்பிணி. பெயர் வெளியே தெரிந்து கொலை மிரட்டல்கள் வந்தன. ஆகஸ்டில் ஸ்வீடன் போனார். அங்கே மருத்துவக் குழு அனுமதி தந்தது. கருவுக்குக் கால்கள் இல்லை, ஒரே கைதான் என்று சிகிச்சைக்குப் பின் மருத்துவர் சொன்னார். ஊர் திரும்பியபோது டிவி வேலை போயிருந்தது. விமானச் செலவுக்கு வழியில்லாத பெண் என்ன செய்திருப்பாள் என்ற கேள்வி அந்தக் கோடையில்தான் நடுத்தர வர்க்க அமெரிக்காவின் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. அவர் செய்தது சரிதான் என்று காலப் கருத்துக்கணிப்பில் 52 சதவீதம் பேர் சொன்னார்கள்.

சட்டமன்றத்துக்கு வாய்ப்பே கொடுக்கப்படவில்லை என்பது, கருக்கலைப்பை நாடு முழுவதும் அரசியல் சாசன உரிமையாக்கிய 1973-ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பைக் குறைசொல்பவர்களின் முக்கிய வாதம். அரிசோனாவில் வாய்ப்பு இருந்தது. 1970-இல் கருக்கலைப்புக்கான குற்றத் தண்டனையை நீக்கும் மசோதா மாநில செனட்டின் குழு ஒன்றுக்கு வந்தது. அதை ஆதரித்து வாக்களித்தவர்களில் ஒருவர் குடியரசுக் கட்சியின் இளம் செனட்டர் சாண்ட்ரா டே ஓ’கானர். முழு அவைக்கு வராமலே மசோதா முடங்கியது. அந்தச் செனட்டர்தான் 1981-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். நியமன விசாரணையில் இந்த வாக்கைப் பற்றியும் அவரைத் துருவித் துருவிக் கேட்டார்கள். கருக்கலைப்பு தனக்குத் தனிப்பட்ட முறையில் உவப்பானதல்ல என்றார் அவர். 1992-இல் கேஸி வழக்கில் ரோவின் சாரத்தைக் காப்பாற்றிய கூட்டுத் தீர்ப்பை எழுதிய மூவரில் ஒருவரும் அவரே. கர்ப்பமான பெண்ணின் மீது மாநிலம் முறையற்ற சுமையை ஏற்றக் கூடாது என்ற அளவுகோல் அதில் நிலைபெற்றது. சட்டமன்ற நாற்காலியிலும் நீதிமன்ற நாற்காலியிலும் அமர்ந்து இதே கேள்வியைச் சந்தித்தவர் அவர். முதல் நாற்காலியில் அவருக்கு முடிவு கிடைக்கவில்லை.

1971-இல் டூசான் நகரின் குடும்பக் கட்டுப்பாட்டு மையமும் மருத்துவர்கள் சிலரும் 13-211-ஐ எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். அதே ஆண்டுதான் இந்திய நாடாளுமன்றம் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நம் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு 1860-இல் வந்தது. ஹோவெலின் பிரிவைவிட நான்கு ஆண்டு மூத்தது. நாடாளுமன்றம் அதை நீக்கவில்லை, பக்கத்தில் ஒரு வாசலைத் திறந்தது. அந்தப் பிரிவு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவாக இருக்கிறது. வாசல் யாருக்கெல்லாம் என்பதை உச்ச நீதிமன்றம் அவ்வப்போது அகலமாக்குகிறது. 2022 செப்டம்பரில் திருமணமாகாத பெண்களுக்கும் 24 வாரம் வரை அந்த உரிமை உண்டு என்றது. இரண்டு அமைப்புகளும் பங்கு போட்டுக்கொண்ட வழி அது. குறையில்லாதது என்று சொல்லமாட்டேன்.

டூசான் வழக்கில் விசாரணை நீதிமன்றம் 1972-இல் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1973 ஜனவரி தொடக்கத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, சட்டம் செல்லும் என்றது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜனவரி 22-இல் வாஷிங்டனிலிருந்து ரோ தீர்ப்பு வந்தது. ஏழுக்கு இரண்டு. அரிசோனா மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே விலக்கிக்கொண்டது. பிரிவைச் செயல்படுத்த நிரந்தரத் தடையாணை வந்தது.

ரோவில் மறுத்து எழுதிய இருவரில் ஒருவர் வில்லியம் ரென்குவிஸ்ட். ஃபீனிக்ஸில் வக்கீல் தொழில் செய்தவர், ஓ’கானரோடு சட்டக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14-ஆம் திருத்தம் வந்த 1868-இல் கருக்கலைப்பைக் கட்டுப்படுத்திய சட்டங்கள் குறைந்தது 36 இருந்தன, எனவே அந்தத் திருத்தத்தை எழுதியவர்கள் இந்த விஷயத்தை மாநிலங்களிடமிருந்து பறிக்க நினைத்திருக்க முடியாது என்பது அவர் வாதம். அடிக்குறிப்பில் சட்டங்களை வரிசைப்படுத்துகிறார். அங்கே இருக்கிறது: ஹோவெல் தொகுப்பு, அத்தியாயம் 10, பிரிவு 45. தான் வக்கீலாக இருந்த ஊரின் சட்டத்தையே அவர் சாட்சிக்கு அழைத்தார். வாதம் கூர்மையானது. ஆனால் அந்தப் பட்டியல் மக்களின் விருப்பத்துக்குச் சாட்சி என்றால், எந்த மக்கள் என்ற கேள்வியை அடிக்குறிப்பு கேட்கவில்லை.

ரோவைக் குறை சொன்னவர்கள் எல்லாரும் பெண்ணுரிமைக்கு எதிரானவர்கள் அல்லர். ரூத் பேடர் கின்ஸ்பர்க் உச்ச நீதிமன்றத்துக்கு வருமுன்பே, அந்தத் தீர்ப்பு ஒரேயடியாக அதிக தூரம் போய்விட்டது, வழக்குக்கு உள்ளான டெக்சாஸ் சட்டத்தை மட்டும் தள்ளிவிட்டு மற்ற மாநிலங்கள் தாமாக மாற இடம்விட்டிருக்கலாம் என்று பேசினார். நான் அந்தக் கருத்தை மதிக்கிறேன். எனினும் அரிசோனாவின் கதையைப் படித்தபின் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. 1962-இல் நாடே பார்த்து அழுத ஒரு வழக்கு நடந்த மாநிலம், எட்டு ஆண்டு கழித்தும் ஒரு மசோதாவைச் சட்டமாக்கவில்லை.

தடையாணைக்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் பிரிவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் உறுத்தும் கட்டம். 1977-இல் அரிசோனா தன் குற்றவியல் சட்டத்தை மறுபடி தொகுத்தது. செயல்படுத்த முடியாத பிரிவை எடுத்துவிட்டிருக்கலாம். எடுக்கவில்லை, புது எண் கொடுத்தார்கள்: 13-3603. அதன்பின் 45 ஆண்டுகள் அதைத் தொடுவதால் யாருக்கும் லாபமில்லை. நீக்குவோம் என்று சொல்பவருக்கு ஒரு பகுதி வாக்காளர் பகையாவார்கள்; வைத்திருப்போம் என்பவருக்கு அடுத்த பகுதி. உச்ச நீதிமன்றம் பொறுப்பைத் தூக்கிக்கொண்டதால், சட்டமன்றத்தினர் எதற்கும் பதில் சொல்லாமல் மேடையில் பேச முடிந்தது. ரோவால் விளைந்த உண்மையான தீங்கு இதுதான் என்று நினைக்கிறேன். தீர்ப்பு பெண்களைக் காத்தது. கூடவே சட்டமன்றங்களைப் பொறுப்பிலிருந்தும் காத்தது. 2021-இல் பெண்ணுக்குச் சிறை என்ற பக்கத்துப் பிரிவை மட்டும் எடுத்தார்கள்.

2022 மார்ச் 30. ஆளுநர் டக் டூசி 15 வாரத்துக்கு மேல் கருக்கலைப்புக்குத் தடை போடும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்குள் ஒரு வரி தைக்கப்பட்டிருந்தது: இந்தச் சட்டம் 13-3603-ஐ மறைமுகமாகக்கூட நீக்குவதாகாது. யாராவது ஒருவர் எழுந்து 1864-ஆம் ஆண்டுத் தடை திரும்பவும் வேண்டும் என்று தனி மசோதா கொண்டுவந்து, பெயர் சொல்லி வாக்கெடுத்திருந்தால் அது சட்டமன்ற ஜனநாயகம். இந்த வரி அதைச் செய்யாமல் அதே பலனுக்குக் கதவைத் திறந்துவைத்தது. மூன்று மாதத்தில், ஜூன் 24-ஆம் தேதி, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் டாப்ஸ் வழக்கில் ரோ வீழ்ந்தது. மக்களிடமும் அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளிடமும் கேள்வியைத் திருப்பித் தருகிறோம் என்று நீதிபதி அலிட்டோ எழுதினார். அந்தத் தீர்ப்பின் பின்னிணைப்பிலும் பழைய சட்டங்களின் வரிசை; அரிசோனாவின் 1864-ஆம் ஆண்டுச் சட்டமும் அதில்.

அன்றே அரிசோனாவின் மருத்துவமனைகள் கருக்கலைப்பை நிறுத்திக்கொண்டன. எந்தச் சட்டம் உயிரோடு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை, டூசானில் நீதிபதி கெல்லி ஜான்சன் அரை நூற்றாண்டுத் தடையாணையை விலக்கினார். இரண்டு வாரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. டிசம்பர் 30-இல் அதே நீதிமன்றம், 15 வாரம் வரை மருத்துவர்கள் செய்யலாம், பழைய சட்டம் மற்றவர்களுக்குத்தான் என்று இரண்டையும் இணக்கமாக்கிப் படித்தது. ஆறே மாதத்தில் இத்தனை முறை சட்டம் மாறியது. ஒரு கர்ப்பம் அதற்காகக் காத்திருக்காது. தேதி வாங்கியிருந்த பெண்களுக்குப் போன் செய்து ரத்து என்று சொல்ல வேண்டிய வேலை வரவேற்பு மேசைகளுக்கு வந்தது. முடிந்தவர்கள் கலிபோர்னியாவுக்கும் நியூ மெக்ஸிகோவுக்கும் காரோட்டினார்கள்.

அந்த நவம்பரில் அட்டர்னி ஜெனரல் தேர்தலில் கிரிஸ் மேயஸ் 280 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். பழைய சட்டத்தைக் காக்க வழக்காடமாட்டேன் என்றார். ஆகவே அதைக் காக்க வேறு இருவர் வந்தார்கள். பிறக்காத சிசுக்களின் சார்பாக வழக்கில் நின்ற ஒரு மகப்பேறு மருத்துவர். யாவபாய் கவுன்ட்டியின் அரசு வழக்கறிஞர். யாவபாய் கவுன்ட்டியின் தலைநகரம் பிரெஸ்காட். பிறந்த ஊரிலிருந்தே அந்தச் சட்டத்துக்கு வக்கீல் கிடைத்தார். கருவும் ஓர் உயிர், அதற்காகப் பேச யாராவது வேண்டும் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையை நான் இழிவாகப் பேசமாட்டேன். வயிற்றில் வளர்வதை உயிர் என்று கருதாத தாய் அபூர்வம். இந்தச் சட்டம் கேட்டது வேறு: அந்த உயிருக்காக இன்னொரு உயிர் எவ்வளவு தூரம் சாவை நெருங்கினால் மருத்துவர் கைவைக்கலாம்?

2024 மார்ச் 18-ஆம் தேதி, இந்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வருவதற்கு மூன்று வாரம் முன்பு, மாநில செனட்டர் ஈவா பர்ச் அவையில் எழுந்து நின்றார். அவர் உயர்தகுதி பெற்ற செவிலியர் (நர்ஸ் பிராக்டிஷனர்). தான் கர்ப்பமாக இருப்பதையும், கரு பிழைக்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டதையும், கலைக்கப் போவதையும் சக உறுப்பினர்களிடம் சொன்னார். மருத்துவர்களுக்கு வேண்டாத ஸ்கேன் ஒன்றைச் சட்டம் கேட்கிறது என்பதற்காக உடலுக்குள் கருவி செலுத்தி எடுத்தார்களாம். தத்துக்கொடுக்கலாம், பெற்று வளர்க்கலாம் என்ற மாற்று வழிகளைச் சட்டப்படி அவருக்கு எடுத்துச் சொன்னார்களாம். பிழைக்கவே முடியாத கருவை வைத்துக்கொண்டு அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த விதிகளை எழுதிய அவையிலேயே அவர் அதைச் சொன்னார். சட்டமன்றம் இந்தக் கேள்வியை முடிவு செய்வதற்கு ஆதரவாக இதைவிடப் பலமான காரணம் எனக்குத் தெரியாது. நீதிமன்றத்தில் வக்கீல்தான் பேசுவார். அவையில் பாதிக்கப்பட்டவரே உறுப்பினராக நிற்கலாம். பிரெஸ்காட் மரவீட்டில் அப்படி ஒருவர் நிற்க வழியே இருந்ததில்லை.

ஏப்ரல் 9-ஆம் தேதி அரிசோனா உச்ச நீதிமன்றம் நாலுக்கு இரண்டு என்று தீர்ப்பளித்தது: 1864-ஆம் ஆண்டின் சட்டம் செல்லும். ஒரு நீதிபதி விலகியிருந்தார். பெரும்பான்மைக்காக எழுதிய ஜான் லோபெஸ், 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தைக்கப்பட்டிருந்த அந்த வரியை எடுத்துக்காட்டினார். கொள்கை முடிவு எங்கள் வேலையல்ல, சட்டமன்றத்தின் வழியாகவோ நேரடி வாக்கெடுப்பின் வழியாகவோ குடிமக்கள்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார். துணைத் தலைமை நீதிபதி ஆன் டிம்மர் மறுத்து எழுதினார். தலைமை நீதிபதி ராபர்ட் புருட்டினெல் அவரோடு சேர்ந்தார். 15 வாரம் வரை மருத்துவர் செய்யலாம் என்பதுதான் புதிய சட்டத்தின் நேரான பொருள் என்றார் டிம்மர். அவர் சொன்னதே சரி என்று எனக்குப் படுகிறது. சட்டமன்றத்துக்குப் பணிகிறோம் என்று நால்வர் சொன்னார்கள்; ஆனால் இறந்துபோன சட்டமன்றத்துக்குப் பணிவதும் ஒரு தேர்வுதான். புதிய சட்டத்தில் கையெழுத்திட்ட டூசியே, இது நான் விரும்பிய முடிவல்ல என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வாரங்களில் நடந்தது, 50 ஆண்டுகளில் நடக்காதது. பழி சொல்ல மேலே வேறு நீதிமன்றம் இல்லை என்றதும் அவை வேலை செய்தது. டூசான் உறுப்பினர் ஸ்டெஃபனி ஸ்டால் ஹாமில்டன், தேவாலயத்தில் திருநிலைப்படுத்தப்பட்ட போதகர், நீக்கும் மசோதாவின் சொந்தக்காரர். இரண்டு முறை தடுக்கப்பட்டு, ஏப்ரல் 24-இல் கீழவையில் 32-28 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியினர் மூவர் சேர்ந்தார்கள். மே 1-இல் செனட். அங்கே குடியரசுக் கட்சியினர் இருவர் சேர்ந்து 16-14. அவர்களில் ஒருவர் ஷானா போலிக். தீர்ப்பின் பெரும்பான்மையில் இருந்த நீதிபதி கிளின்ட் போலிக்கின் மனைவி. மாடத்திலிருந்து கூச்சல் கேட்க, 20 நிமிடத்துக்கு மேல் தன் கர்ப்பங்களைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னார். கரு நிலைக்காமல் போன முதல் மூன்று மாதத்தில் தனக்குச் செய்த சிகிச்சையை, அப்போது உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில், இந்தப் பழைய சட்டம் அனுமதித்திருக்குமா என்று கேட்டார். இதை நீக்காவிட்டால் நவம்பரில் வரப்போகும் வாக்கெடுப்பு இன்னும் தூரம் போய்விடும் என்ற கணக்கையும் மறைக்கவில்லை. எனக்கு அதில் குறையில்லை. வாக்காளருக்கு அஞ்சி ஒரு உறுப்பினர் மனம் மாறுவதற்குத்தான் தேர்தல் இருக்கிறது.

மே 2-இல் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் கையெழுத்திட்டார். நீக்கம் செப்டம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை நீதிமன்றக் கெடுநீட்டிப்புகள் பழைய சட்டத்தைத் தடுத்துவைத்தன. தொண்ணூறு வயதைக் கடந்திருந்த ஷெர்ரி அதைப் பார்க்க இருந்தார். ஃபிங்க்பைன் என்ற பெயரை விட்டு, ஷெர்ரி செஸன் ஆகியிருந்தார்.

ஆனால் மக்கள் சட்டமன்றத்தோடு நிறுத்தவில்லை. 1912-இல் பெண்கள் பயன்படுத்திய அதே கருவியைக் கையிலெடுத்தார்கள். தேவை 3,83,923 கையெழுத்து. செல்லும் என்று ஏற்கப்பட்டவை 5,77,971. 2024 நவம்பர் 5, பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த அதே தேதி, 112 ஆண்டுகள் கழித்து. கரு தாய்க்கு வெளியே பிழைக்கக்கூடிய கட்டம் வரை கருக்கலைப்பு அடிப்படை உரிமை என்ற 139-ஆம் முன்மொழிவு 61 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்று அரசியல் சாசனத்தில் ஏறியது. அதே வாக்குச்சீட்டில் அதே மாநிலம் டிரம்பைத் தேர்ந்தெடுத்தது. அதே சீட்டில் நீதிபதி கிளின்ட் போலிக்கையும், பெரும்பான்மையில் இருந்த கேத்ரின் கிங்கையும் பதவியில் தொடரவிட்டது. நீதிபதிகளை மக்கள் ஓட்டுப்போட்டு உறுதிசெய்யும் முறையையே ஏறக்குறைய ஒழித்துவிட முயன்ற சட்டமன்றத்தின் முன்மொழிவையும் தோற்கடித்தது. நீதிபதிகளைத் தண்டிக்க மக்கள் விரும்பவில்லை. தண்டிக்கும் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவும் விரும்பவில்லை. இதைவிட நிதானமான வாக்காளரை எந்த அரசியல் கட்டுரையும் கற்பனை செய்ததில்லை.

அதன்பின் அந்தக் கேள்வி மறுபடி நீதிமன்றத்துக்கே போனது, வேறு வடிவில். 2025 மார்ச்சில் மாரிகோப்பா கவுன்ட்டி நீதிபதி ஒருவர், சாசனத் திருத்தத்துக்கு முரணானது என்று 15 வாரத் தடையை நிரந்தரமாக நிறுத்தினார். மே மாதத்தில் மருத்துவர்கள் மேலும் ஒரு வழக்குத் தொடுத்தார்கள். 24 மணி நேரக் காத்திருப்பு, அதற்காக இரண்டு முறை நேரில் வருவது, வீட்டிலிருந்தே மருத்துவரோடு பேசி மாத்திரை வாங்கத் தடை ஆகியவற்றை எதிர்த்தார்கள். அந்த விதிகளால் ஃபீனிக்ஸில் வசிப்பவருக்கு இரண்டு நாள் விடுப்பு தேவைப்பட்டது. வடக்கே பழங்குடி நிலத்தில் வசிப்பவருக்கு இரண்டு முறை பல மணி நேரப் பயணம், பெட்ரோல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், தங்க ஒரு அறை. சட்டமன்றம் நினைத்திருந்தால் இந்த விதிகளை ஒரே நாளில் நீக்கியிருக்கலாம். 2025 கூட்டத்தொடரில் அது நீக்கவில்லை.